திருவிழா பார்க்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

ஊர் ஊராகப் போய்த் திருவிழா பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. கொழும்பிலோ கட்டாரிலோ வேலை செய்து நாலு காசு சேர்ந்ததும் ரியோவின் கார்னிவல், ஸ்பெயினின் தக்காளித் திருவிழா, ஜப்பானின் செர்ரிப் பூக்காலம் என்று கைப்பேசியில் தேடுகிறார்கள். நல்ல ஆசைதான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கூத்துப் பொட்டலில் தூங்கி எழுந்து, பிற்காலத்தில் வேறு ஊர்களின் விழாக்களையும் பார்த்து வந்த கிழவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன். முதல் பயணத்துக்குப் பை கட்டுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

1. காமன் கூத்திலிருந்து தொடங்குங்கள்.

கடல் தாண்டுவதற்கு முன், மாசி மாதத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் காமன் கூத்தை விடியும்வரை இருந்து பாருங்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும் அது நடக்கும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறார். தேவர்களுக்குக் காரியம் ஆக வேண்டும். அந்தத் தவத்தைக் கலைத்து வா என்று மன்மதனை அனுப்புகிறார்கள். போனால் திரும்ப மாட்டாய் என்று ரதி காலைப் பிடிக்கிறாள். அவன் போகிறான், மலர் அம்பை எய்கிறான், நெற்றிக்கண் திறந்து சாம்பலாகிறான். ரதி அழுது, வழக்காடி, கடைசியில் கணவனை உயிரோடு மீட்கிறாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலும் காமன் பண்டிகை உண்டு. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து அங்கே லாவணி பாடுவார்கள். கர்நாடகத்தில் ஹோலியின்போது காமதகனம் நடக்கிறது. ஆனால் நம் தோட்டங்களில் இந்தக் கதைக்கு ஏறியிருக்கிற கனம் வேறு எங்கும் இல்லை என்பது என் திடமான எண்ணம். மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, ஆபத்து என்று தெரிந்தும், பெண்டாட்டி தடுத்தும் வேலைக்குப் போய் மடிகிறவன் மன்மதன். மன்னாரில் கரையேறி, காட்டு வழியே நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே பலரைப் புதைத்துவிட்டு மாத்தளை வந்து சேர்ந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் நாம். ரதி மார்பில் அடித்து அழும்போது இஸ்தோப்பிலும் பாதையோரத்திலும் நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். புராணத்துக்காக மட்டும் யாரும் அப்படி அழுவதில்லை.

2. நாளை விளம்பரத்தில் தேடாதீர்கள், தோட்டத்தில் கேளுங்கள்.

நம் திருவிழாக்கள் நிலாவைப் பார்த்து நடப்பவை. மாசி அமாவாசை கழிந்து வளர்பிறையில், பெரும்பாலும் மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டித் தகனம். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் தள்ளிப்போகும். பக்கத்துத் தோட்டமும் அதே நாளில் நடத்தினால் பேசி ஒரு நாள் முன்பின் ஆக்குவார்கள். மாரியம்மன் திருவிழாவும் அப்படியே. மாசியில் வைக்கும் தோட்டமும் உண்டு, ஆடியில் வைக்கும் தோட்டமும் உண்டு. கோயில் கமிட்டித் தலைவரிடமோ, டவுன் கடைத்தெருவில் பூசைச் சாமான் விற்கிறவரிடமோ கேட்டால் சரியான நாள் தெரியும். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை தேங்காய் போகிறது என்பது அந்தக் கடைக்காரருக்கு மனப்பாடம்.

3. முதல் நாளே போய் முகம் காட்டுங்கள்.

சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் கடைசி இரவுக்குத்தான் வருகிறார்கள். தீ எரிகிற ஒரு படம், அது போதும் அவர்களுக்கு. நீங்கள் காமன் ஊன்றும் நாளில் போங்கள். கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பத்தைப் பொட்டலில் நட்டுப் பூசை போடும் நேரத்தில் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். அப்போது போய் நின்றால், "யாரு வீட்டுப் புள்ள?" என்று ஒரு கிழவி கட்டாயம் கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். தாத்தா எந்தத் தோட்டம், மேக்கணக்கா கீழ்க்கணக்கா, எந்தக் கங்காணியின் ஆட்கள் என்று சொல்ல முடிந்தால் அங்கேயே உறவு பிறந்துவிடும். வெளியூர்க்காரர் என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். அன்றைக்கே தேத்தண்ணி வரும். கடைசி நாள் இரவு எங்கே உட்காருவது, குளிருக்கு எங்கே ஒதுங்குவது என்ற கவலை அன்றோடு தீர்ந்தது.

இடைப்பட்ட நாட்களிலும் போக முடிந்தால் போங்கள். வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, குளித்துவிட்டு வந்து ஆட்டம் பழகுவார்கள். வாத்தியார் பாட்டின் முதலடியைக் கொடுக்க, பையன்கள் தட்டுத் தடுமாறிப் பிடிப்பதைப் பார்க்கலாம். கூத்து எப்படிக் கைமாறுகிறது என்பதை அரங்கேறும் இரவில் பார்க்க முடியாது. பழகும் மாலையில்தான் அது தெரியும்.

4. தகன இரவு முழுக்க இருங்கள்.

இருட்டியதும் மதனும் ரதியும் வேடம் கட்டிப் புறப்படுவார்கள். ரதி வேடத்தையும் ஆண்தான் கட்டுவான். நேர்த்திக்காக வேடம் ஏற்று, நாள் கணக்கில் விரதம் இருந்து ஆடுவோர் உண்டு. ஊர்வலம் லயம் லயமாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஆடும். வீட்டுக்காரர் ஆரத்தி எடுத்துக் காசு போடுவார். இங்கே மேடை, திரை என்று எதுவும் கிடையாது. தோட்டத்துப் பாதை முழுவதும் அரங்கம்தான். ஓலை கொண்டு வரும் தூதன் இருட்டுக்குள்ளிருந்து பந்தத்தோடு பாய்ந்து ஓடி வருவான். கூட்டம் இரண்டாகப் பிளக்கும். தூதனின் ஆட்டத்தைப் பார்க்கவென்றே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இளவட்டங்கள் வரும். பிறகு வீரபத்திரன், எமன், குறவன் குறத்தி என்று ஒவ்வொருவராக வரவர இரவு நீளும். நள்ளிரவு தாண்டிய பிறகு கொஞ்சம் சோர்வு தட்டும். வெளியூர்க்காரர்கள் அப்போதுதான் எழுந்து போகிறார்கள். போகாதீர்கள். நெருப்பு கம்பத்தைப் பற்றிய பிறகு ரதி எழுப்பும் ஒப்பாரிதான் இந்தக் கூத்தின் உயிர்.

நெருப்போடும் முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் நாள் உயிர் எழுப்புகிறார்கள். சாம்பலான இடத்தில் நடக்கும் அந்தச் சடங்குக்கு ஆரவாரமே இருக்காது. லீவு கிடைத்தால் அதற்கும் நில்லுங்கள்.

5. இது யாருடைய காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ரியோவில் அரசாங்கமும் பெரிய கம்பனிகளும் பணம் போடுகின்றன. நம் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம்தான் முதல். கோயிலுக்கென்று செக்ரோலில் மாதாமாதம் பிடிப்பது ஒரு பங்கு. தலைக்கட்டு வரி ஒரு பங்கு. கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் அனுப்புவது ஒரு பங்கு. ஆகவே வெறும் கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். கமிட்டியிடம் உங்களால் ஆனதைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு மூட்டை அரிசியாகவோ, விளக்குக்கு எண்ணெயாகவோ கொடுத்தால் இன்னும் நல்லது. சாராயப் போத்தல் மட்டும் கொண்டு போகாதீர்கள். ஆட்டக்காரருக்கு அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அது விரதம் இருப்பவருக்குச் செய்யும் அவமரியாதை. மறுநாள் அந்த வீட்டுப் பெண்கள்தான் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

6. தப்பு அடிப்பவரை முதலில் வணங்குங்கள்.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடிகாலை பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புதான். சாவுக்கு முன்னால் போனதும் தப்பு. சாமிக்கு முன்னால் போவதும் தப்பு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்தில் ஆள் மாறும்போதெல்லாம் வேறு வேறு அடி. காது பழகியவர்கள் வீட்டுக்குள் படுத்தபடியே இப்போது யார் ஆடுகிறார் என்று சொல்லிவிடுவார்கள். பனி இறங்கும் இரவில் தோல் தளர்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக் காய்ச்சி விடியும்வரை அடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய உழைப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இவ்வளவு செய்கிறவருக்கு நம் சமூகம் நெடுங்காலம் பந்தியின் கடைசியில்தான் இடம் கொடுத்தது. சாதியின் பெயரால் அந்தக் கலைஞர்களை எட்ட நிறுத்தினோம். அதனால்தான் அவர்களுடைய பிள்ளைகளில் பலர் தப்பைத் தொட மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. திருவிழா பார்க்கப் போகிற நீங்கள் ஒன்று செய்யலாம். தப்புக்காரரிடம் பெயரைக் கேளுங்கள். அண்ணன், மாமா என்று வயதுக்குத் தக்கபடி அழையுங்கள். அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒதுக்கிவைத்த தாளம் பிற்காலத்தில் ஒரு நாட்டின் பெருமை ஆனதும் உண்டு. டிரினிடாட் தீவில் கரும்புத் தோட்ட அடிமைகளின் வழிவந்தோர் நடத்திய கார்னிவலில் பறை அடிப்பதை ஆங்கிலேய ஆட்சி 1880களில் தடுத்தது. 1881இல் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் பொலிசோடு பெரிய மோதலே நடந்தது. பறையைப் பறித்ததும் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். பிறகு தகரத்தையும் எண்ணெய்ப் பீப்பாயையும் தட்டித் தட்டி இசைக்கருவி ஆக்கினார்கள். அதுதான் இன்று உலகம் கேட்கும் ஸ்டீல் பேன். அந்தத் தீவு அதைத் தன் தேசியக் கருவியாகப் போற்றுகிறது. நம் தப்புக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

7. கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள்.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள். அருள் வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்கு நேரே விளக்கடித்துப் படம் பிடிப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அவள் நாளைக் காலை அதே தோட்டத்தில் மலைக்குப் போக வேண்டியவள். அவள் தன்னை மறந்து நின்ற நேரத்தை ஊர் முழுக்கக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. லயத்து உள்காம்பராவையும், கிழிந்த கூரையையும், மூக்கொழுகும் பிள்ளையையும் எடுத்துப் போட்டு இரக்கம் தேடுவதும் அப்படித்தான். வேடம் கட்டியவர்களைக் கேட்டால் அவர்களே நின்று கொடுப்பார்கள். அந்தப் படத்தை அச்சடித்து அடுத்த முறை கொண்டு போய்க் கொடுங்கள்.

8. குளிருக்கும் வயிற்றுக்கும்.

மாசிப் பனியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நுவரெலியாவில் அந்தப் பருவத்தில் புல் மேல் உறைபனி படியும் காலைகள் உண்டு. கம்பளி, தொப்பி, நல்ல சப்பாத்து, கைவிளக்கு. தோட்டத்துப் பாதையில் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும். திரும்ப ஓட்டோவுக்கு முன்பே சொல்லி வையுங்கள். இரவில் கிடைப்பது ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். அதைவிட ருசியானது அந்த நேரத்தில் வேறொன்றும் இல்லை.

9. அடுத்து அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், மாரியம்மன் திருவிழா.

அருச்சுனன் தபசு எல்லா வருஷமும் நடப்பதில்லை, ஆகவே செய்தி கேட்டால் விடாதீர்கள். பாசுபதம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனன் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் எறிவான். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். மலைச்சரிவில் காற்று வீசும்போது அந்த மரம் ஆடுவதைப் பார்த்தால் அது நடிப்பாகத் தோன்றாது.

பொன்னர் சங்கர் கொங்கு நாட்டுக் கதை. மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவாக இன்றும் நடக்கிறது. உடுக்கடித்துப் பாடும் அந்தக் கதையை நம் முன்னோர் மனத்தில் வைத்துக்கொண்டே கடல் கடந்தார்கள். படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களைத் தங்கை தண்ணீர் தெளித்து எழுப்பும் கட்டத்தில் ஊரே மூச்சை அடக்கி நிற்கும். திருச்சிக்குப் போகிறவர்கள் வீரப்பூரையும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் அது பெரிய தொண்டு.

மாரியம்மன் திருவிழாவின் வரிசை உங்களுக்குத் தெரிந்ததே. காப்புக் கட்டு, ஆற்றங்கரையில் கரகம் பாலிப்பது, பால்குடம், மாவிளக்கு, காவடி, தீமிதிப்பு, சாமி லயம் லயமாக வருவது, கடைசியில் மஞ்சள் நீராட்டு. பார்க்கப் புதியவர்கள் கவனிக்க வேண்டியது பெரிய கோயிலுக்கு வெளியே இருக்கும் சின்னச் சாமிகளை. பக்டரியின் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி, கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கும்பிடும் கவ்வாத்துச் சாமி, மலை முடுக்கில் ஒரு கல்லாக நிற்கும் முனியாண்டி. கத்தியும் இயந்திரமும் கைகாலை எடுத்துவிடாமல் காக்க, ஊரிலிருந்து கொண்டு வந்த சாமிகள் போதாமல், இந்த மண்ணிலேயே பிறந்த சாமிகள் அவை. எந்தப் புராணத்திலும் இல்லை. நம் மக்களின் உழைப்பிலிருந்து பிறந்த தெய்வங்கள் என்பதால் எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

10. சிவனொளிபாதத்துக்குப் போயா நாளில் போகாதீர்கள்.

டிசம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவரை பருவகாலம். உயரம் 2,243 மீற்றர். பௌத்தருக்குப் புத்தரின் பாதம், நமக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவரில் பலருக்கும் ஆதாமின் பாதம். இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் ஏறிய மலை. நாலு மதத்தவரும் ஒரே படியில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து ஏறுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை. போயாவிலும் நீண்ட விடுமுறையிலும் போனால் உச்சிக்குக் கிட்டவே வரிசையில் மணிக்கணக்கில் நின்று, சூரியன் எழுவதைக் காணாமல் திரும்ப நேரிடும். கிழமை நாட்களில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், நள்ளிரவுக்குப் பிறகு ஏறத் தொடங்குங்கள். முதியவர்களை முந்தாதீர்கள். உச்சியில் எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை முறை மணி அடிக்கலாம். விடிந்ததும் எல்லாரும் கிழக்கையே பார்ப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கமும் போய், மலையின் நிழல் முக்கோணமாக விழுவதைப் பாருங்கள்.

வழியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் பஸ்ஸின் யன்னல் பக்கம் உட்காருங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலத்தில் மூழ்கிப்போன பழைய கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும்.

11. மாத்தளைத் தேரும் கண்டிப் பெரஹராவும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் ஓடும். மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் காடு முடிந்து கும்பிட்ட அம்மன் அவள். 1983 கலவரத்தில் கோயில் தீக்கிரையானது, பிறகு எழுப்பினார்கள், இன்று 108 அடிக் கோபுரம் நிற்கிறது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைப்பயணம் ஓகஸ்ட் 12இல் முடிந்ததும் மாத்தளையில்தான். இதை அறிந்துகொண்டு போய் வடம் பிடியுங்கள். வடம் பிடிக்க எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கண்டி எசல பெரஹராவை விலை கூடிய ஆசனத்திலிருந்து பார்க்காதீர்கள். பத்து இரவுகளில் முதல் ஐந்து கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி. கும்பல் நாட்களில் கூட்டம் குறைவு. மத்தியானமே போய் வீதியோரத்தில் பாய் விரித்தால் பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் சோற்றுப் பொதியோடு இருக்கும். தெரிந்த சிங்களத்தில் பேசுங்கள். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்களும் அந்த ஊர்வலத்தில் வருகின்றன. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான். அந்த விழாவும் நான்கு தேவாலயங்களிலும் மரம் நடுவதில்தான் தொடங்குகிறது. கப் நடுதல் என்பார்கள். நாம் காமன் ஊன்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதத்து நுவரெலியா வசந்த காலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பூக்காட்சி நன்றாக இருக்கும். குதிரைப் பந்தயமும் உண்டு. அந்த மாதத்தில் அறை வாடகை ஏறிப்போகும். பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

12. இப்போது கடல் தாண்டலாம்.

இவ்வளவும் பார்த்த கண்ணோடு போனால் உலகத்தில் எங்கே போவது என்று உங்களுக்கே தெரியும். நான் போகச் சொல்லும் முதல் இடம் பொலிவியாவின் ஒரூரோ. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீற்றர் உயரத்தில் உள்ள சுரங்க நகரம். நம் மலையைவிடக் குளிரும், மூச்சும் முட்டும், இரண்டு நாள் ஓய்ந்து பழகிய பிறகே நடமாட வேண்டும். அங்கே தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் சுரங்கத்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, பூத முகமூடி அணிந்து பகலும் இரவும் ஆடுகிறார்கள். யுனெஸ்கோ 2001இல் அந்தக் கார்னிவலை மானிடத்தின் கலைச்செல்வமாக அறிவித்தது. அந்த மாதா கோயிலில் இருக்க, சுரங்கத்துக்குள்ளே தீயோ என்றொரு காவல் தெய்வம் இருக்கிறது. மாமன் என்றுதான் அழைப்பார்கள். சுருட்டும் சாராயமும் கொக்கா இலையும் படைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். ரோதமுனிக்குப் பூசை போட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டிய நம் பக்டரி ஆட்களுக்கு அந்தத் தீயோவை யாரும் விளக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் அங்கே அவர்கள் ஆடும் அதே வாரத்தில் இங்கே நாம் காமன் ஊன்றுகிறோம்.

பிறகு நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இடங்கள். பத்துமலைத் தைப்பூசம், மொரீசியசின் காவடி, ரீயூனியன் தீவின் தீமிதி, டர்பனின் மாரியம்மன் திருவிழா. சில இடங்களில் தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, தீக்குழி போகவில்லை. அங்கே போய் நீங்கள் தமிழில் ஒரு பாட்டுப் பாடினால் முதியவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். தக்காளி எறியும் விழாவுக்குச் செலவழிக்கும் காசில் இவற்றில் ஒன்றைப் பார்த்து வரலாம் என்பது என் கருத்து.

13. திரும்பி வந்து எழுதி வையுங்கள்.

மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாட்டுக்களைத் தேடிச் சேர்த்து நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் நம் கூத்துக்களைப் பற்றி எழுதினார். அவர்கள் அன்று எழுதியதால்தான் இன்று நமக்குக் கொஞ்சமாவது கிடைத்திருக்கிறது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டன. லயத்துக்கு லயம் ஆட்கள் கப்பலேறினார்கள். கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களோடு எத்தனையோ கூத்துப் பாட்டும் போயிற்று. எஞ்சியவற்றை நெஞ்சில் வைத்திருக்கும் வாத்தியார்கள் இப்போது மிக முதியவர்கள்.

உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. அதைக் கூத்து நடக்கும்போது பைக்குள் வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் வாத்தியார் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு, பாட்டு முழுவதையும் அதில் பதிவு செய்யுங்கள். யார் பாடினார், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார் என்று குறித்து வையுங்கள். ஒரு பிரதியைத் தோட்டத்துப் பாடசாலையில் கொடுங்கள். ஊர் ஊராகப் போய்த் திருவிழா பார்க்கும் வசதியும் படிப்பும் உள்ள முதல் தலைமுறை நீங்கள். வருகிற மாசி அமாவாசை எந்த நாள் என்று இன்றைக்கே காலண்டரில் பார்த்து, லீவுக்கு எழுதிக் கொடுங்கள்.